மறுமொழி: தாப்பியா, தாப்பியால் – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மூன்று நாளாக இந்த இழையில் வரும் மடல்களை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். மண்ணை இடித்து எழுப்பும் சுவருக்கு ஸ்பானியத்தில் உள்ள 'தாப்பியா', 'தாப்பியால்' என்ற சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வியைப் போட்டவன் நான்தான். அதனால் இதுவரை வந்த யோசனைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே மடலில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி வந்த கதையை முதல் மடலில் சரியாகச் சொல்லவில்லை. பாலிடெக்னிக் மாணவர்களுக்காக மண் கட்டடக் கலை பற்றிய பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஸ்பெயின் நாட்டு கிரனாடா நகரத்து அல்ஹம்பிரா கோட்டையைப் பற்றி ஒரு பக்கம் வருகிறது. அடோபேயைவிடத் தாப்பியா வலுவானது என்று அதில் ஒரு வாக்கியம். 'அடோபே' என்றால் சுடாத பச்சைச் செங்கல், 'தாப்பியா' என்றால் இடித்து இறுக்கிய மண்சுவர். இரண்டும் ஸ்பானியச் சொற்கள். முதல் வரைவில் இரண்டையுமே 'மண்சுவர்' என்று எழுதிவிட்டேன். வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஒரு மாணவி எழுந்து, "மண்சுவரைவிட மண்சுவர் எப்படி சார் வலுவா இருக்கும்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. அன்றைக்கு என்னிடம் சொல் இல்லை.

ஸ்பெயினில் இன்றைக்குச் சாதாரணமாகப் பேசுகிறவர்கள் தாப்பியா என்றால் தோட்டத்தையோ கல்லறையையோ சுற்றி நிற்கும் மதில்சுவரைத்தான் நினைப்பார்கள். அது செங்கல்லாகவும் இருக்கலாம். சுத்தமாகக் காது கேட்காதவரை 'தாப்பியா மாதிரி செவிடு' என்பதும் அங்கே வழக்கு. நமக்கு வேண்டியது அந்தப் பொதுப்பொருள் இல்லை. கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் பழைய, குறுகிய பொருள்: இரண்டு பலகைகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி, இடித்து இறுக்கி, ஒரே தடவையில் எழுப்பும் சுவர்த்துண்டு. அதுதான் ஒரு தாப்பியா. அந்தப் பலகைப் பெட்டிக்குப் பெயர் தாப்பியால். குழப்பம் என்னவென்றால், தென்னமெரிக்காவில் பல இடங்களில் சுவரையே தாப்பியால் என்கிறார்கள். இன்னொன்று, ஸ்பெயினில் கொத்து வேலைக்காரர்களிடம் தாப்பியா ஒரு அளவும்கூட: 50 சதுர அடி. நம் கொத்தனார் "வீடு பத்துச் சதுரம்" என்றால் ஆயிரம் சதுர அடி என்று நாம் புரிந்துகொள்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

சுவரை எப்படி எழுப்புகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல் அதற்குள்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் கல்லில் ஒரு அடித்தளம். அதன் மேல் குறுக்காகச் சில கட்டைகளைப் போடுகிறார்கள். அவற்றுக்கு 'அகூஹா', அதாவது ஊசி, என்று பெயர். அந்தக் கட்டைகளின் மேல் இரண்டு பக்கமும் பலகைகளை நிறுத்தி, வெளியே முட்டுக்கால் கொடுத்து, மேலே கயிற்றால் இழுத்துக் கட்டுகிறார்கள். இரண்டு முனையையும் சின்னப் பலகைகளால் அடைக்கிறார்கள். இப்போது அடியும் மூடியும் இல்லாத ஒரு பெட்டி கிடைக்கிறது. அதற்குள் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக மண்ணைக் கொட்டி, ஆள் உள்ளே இறங்கி நின்று, கனமான கட்டையால் இடிக்கிறார். சத்தம் முதலில் மந்தமாக இருக்கும். மண் இறுக இறுகக் கணீரென்று மாறும். மாறியதும் அடுத்த படை. பெட்டி நிறைந்தவுடன் கயிற்றை அவிழ்த்து, பலகையை அப்படியே பக்கத்தில் நகர்த்திக் கட்டுகிறார்கள். சுவர் காயட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இடித்த சூட்டோடு அது நிற்கும். ஒரு வரிசை முடிந்தால் அதன் மேல் அடுத்த வரிசை.

மண்ணின் ஈரம்தான் இதில் உயிர். இதை மாணவர்களுக்குச் சொல்ல நான் தேடித் தேடிப் பார்த்த உவமை நம் அடுக்களையிலேயே இருந்தது. புட்டுக்கு மாவு பிசிறுவோமே, அந்தப் பதம். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். உருண்டையாகப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். தூளாகப் போனால் ஈரம் போதாது. சொத்தென்று தட்டையாக ஒட்டிக்கொண்டால் தண்ணீர் அதிகம். நம் ஊரில் சேற்றைக் குழைத்து, படை படையாகக் கையால் வைத்து எழுப்பும் மண்சுவர் கொழுக்கட்டை மாவுப் பதம். பச்சைச் செங்கல்லும் அப்படியே, குழைத்த மண்ணை அச்சில் அறுப்பது. தாப்பியா புட்டு. அதற்குக் குழாய் வேண்டும், அதற்குள் திணிக்க வேண்டும்.

இனி சொல்லின் வரலாறு. இங்கேதான் இழையில் வந்த ஒரு மடலுக்கு நான் மாறுபட வேண்டியிருக்கிறது.

> தப்பு என்றால் அடித்தல். துணியைத் தப்பித் துவைப்பது இன்றும் உள்ள வழக்கு. தாப்பியா நம் 'தப்பு' என்ற வேரிலிருந்து போனதுதான்.

ஐயா, துணி தப்புவதைப் படித்தவுடன் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒலி ஒத்துப்போவதை வைத்து மட்டும் இந்த முடிவுக்கு வர முடியாது. தாப்பியா என்ற சொல்லுக்கு உறுதியான மூலம் இல்லை என்பதே ஸ்பானியச் சொற்பிறப்பு ஆய்வாளர்களின் நிலை. அவர்களில் ஒருவரான ஜோன் கொரோமினாஸ் சொன்ன ஊகம், மண்ணை இடிக்கும்போது எழும் 'தப், தப்' என்ற ஓசையிலிருந்தே சொல் பிறந்திருக்கலாம் என்பது. அது சரியென்றால் நம் தப்புக்கும் அவர்கள் தாப்பியாவுக்கும் உள்ள ஒற்றுமைக்குக் காரணம் தெரிந்துவிடுகிறது. காது ஒன்று, ஓசை ஒன்று. இரண்டு ஊர்க்காரர்கள் தனித்தனியாக ஒரே ஓசையைச் சொல்லாக்கியிருக்கிறார்கள். இது எனக்குக் கடன் வாங்கிய கதையைவிடப் பிடித்திருக்கிறது. இன்னொருவர் கேட்ட 'தாப்பாஸ்' என்ற தின்பண்டப் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது மூடி என்ற பொருளுள்ள 'தாப்பா' வழியாக ஜெர்மானிய மூலத்துக்குப் போகிறது.

சொல் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் சுவர் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான மூத்த பிளினி, ஆப்பிரிக்காவிலும் ஸ்பெயினிலும் மண்ணால் ஆன சுவர்கள் இருப்பதை எழுதுகிறார். இரண்டு பலகைகளுக்கு நடுவே அச்சில் வார்ப்பதுபோல் செய்வதால் அவற்றுக்கு 'அச்சில் ஆனவை' என்ற பொருளில் 'ஃபோர்மாக்கேயி' என்று பெயராம். மழை, காற்று, நெருப்பு எதுவும் அவற்றை அசைக்காதாம். மலைமுகட்டில் ரோமை எதிர்த்த கார்த்தேஜ் படைத்தலைவன் ஹன்னிபால் கட்டிய மண் காவல்கோபுரங்களை ஸ்பெயினில் இன்னும் பார்க்கலாம் என்கிறார். ஹன்னிபால் ஸ்பெயினை விட்டுப் புறப்பட்டது கி.மு. 218-இல். அதாவது ஏறக்குறைய 300 ஆண்டு நின்ற மண்சுவரைப் பற்றிப் பேசுகிறார். 7-ஆம் நூற்றாண்டில் செவில்லா நகரத்து ஆயர் இசிதோரும் அதே பெயரைத்தான் சொல்கிறார். ஆக, லத்தீனில் எழுதியவர்கள் இந்தச் சுவருக்கு இடியை வைத்துப் பெயரிடவில்லை, அச்சை வைத்துப் பெயரிட்டார்கள். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அரபியர் காலம். 1377-இல் வட ஆப்பிரிக்க வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் தன் 'முகத்திமா' என்ற நூலில் இந்தச் சுவரை எழுப்பும் முறையை ஒரு கொத்தனார் பக்கத்தில் நின்று பார்த்தவர் போல எழுதியிருக்கிறார். நாலு முழ நீளம், இரண்டு முழ உயரம் கொண்ட இரண்டு பலகை (ஊருக்கு ஊர் அளவு மாறும் என்றும் சொல்கிறார்), குறுக்குக் கட்டைகள், கயிறு, முனையை அடைக்கும் சின்னப் பலகைகள், சுண்ணாம்பு கலந்த மண், இடிப்பு. முடிவில் சுவர் முழுவதும் ஒரே துண்டு போல ஆகிவிடும் என்கிறார். அந்த முறைக்கு அவர் கொடுக்கும் பெயர் 'தாபியா'. செய்கிறவருக்குப் பெயர் 'தவ்வாப்'.

தாப்பியா, தாபியா. தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு தானாகத் தெரிகிறது பாருங்கள். அரபியில் வல்லொலி 'ப' (ஆங்கிலத்து p) கிடையாது. வெளியிலிருந்து வந்த சொல்லில் அந்த ஒலி இருந்தால் மெலிந்த ஒலியாக (ஆங்கிலத்து b) மாற்றிக்கொள்வார்கள். நமக்கு இரட்டித்த ப்ப வல்லொலி, உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் ப மெல்லொலி. எனவே ஸ்பானிய வடிவத்தைத் தாப்பியா என்றும் அரபி வடிவத்தைத் தாபியா என்றும் எழுதினால் போதும், கூடுதல் குறியீடு எதுவும் வேண்டாம். கட்டுரையில் இரண்டும் வந்தால் இப்படியே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெரும்பான்மையான அறிஞர்கள் இந்தச் சொல் ஸ்பெயின் பக்கத்திலிருந்துதான் அரபிக்குப் போனது என்கிறார்கள்.

'அடோபே' போனது நேர் எதிர்த்திசையில். பழைய எகிப்திய மொழியில் செங்கல்லுக்கு இருந்த சொல், காப்டிக் என்ற பிற்கால எகிப்திய மொழி வழியாக அரபிக்கு வந்து 'தூப்' ஆகி, முன்னொட்டுச் சேர்ந்து 'அத்தூப்' ஆகி, ஸ்பெயினில் அடோபே ஆனது. மேலே சொன்ன தவ்வாப் என்ற தொழிற்பெயரும் அந்தத் தூப் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதாவது, தாபியா கட்டுகிறவருக்கு அடோபேயின் உறவுக்காரச் சொல்லால் பெயர். ஒரே ஊரில், ஒரே மண்ணில், பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்த இரண்டு கைத்தொழில்களின் சொற்கள் இப்படி எதிரும் புதிருமாகக் கடந்திருக்கின்றன. இவை இரண்டையும் நான் 'மண்சுவர்' என்று ஒரே சொல்லில் போட்டு மூடினேன் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

தாப்பியா அதோடு நிற்கவில்லை. போர்ச்சுக்கீசியத்தில் 'தைப்பா' ஆகி, கடல் தாண்டி பிரேசிலுக்குப் போனது. காலனிக் காலத்து சாவ் பாவ்லோ நகரம் பெரும்பாலும் தைப்பாவால் கட்டியதுதான். அதே போர்ச்சுக்கீசியர்கள்தான் நமக்கு ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் தந்தவர்கள். நம் கட்டட வேலையில் தலைமை ஆள் 'மேஸ்திரி'யே அவர்கள் சொல்தான். தைப்பா மட்டும் நம் கொத்தனார் வாயில் ஏறவில்லை. பெருவில் லிமா நகரைச் சுற்றிலும் ஸ்பானியர்கள் கால் வைப்பதற்கு முன்பே இம்முறையில் கட்டிய பெரும் மண்சுவர்கள் நிற்கின்றன. கை அங்கத்திய மக்களுடையது. ஆனால் இன்றைக்கு அவற்றைச் சொல்லும் பெயர் தாப்பியால்.

நமக்கு இது ஏதோ தூரத்து விஷயம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படி இல்லை. மண் கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்கான இந்தியத் தர வழிகாட்டி ஒன்று உண்டு, ஐ.எஸ். 13827, ஆண்டு 1993. அதிலும் இந்தச் சுவர்முறைக்குத் தாப்பியால் என்ற பெயர் வருகிறது. நம் பாலிடெக்னிக் மாணவர் நாளைக்கு அதைப் படிக்கத்தான் போகிறார். ஆரோவில்லில் போய் நின்றால் இந்த வகைச் சுவரைக் கண்ணாலேயே பார்க்கலாம். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதற்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டாமா?

சரி, சொல்லுக்கு வருவோம்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பிரெஞ்சுக்காரர்களின் 'பிஸே' இடித்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து வருகிறது. ஸ்பெயினில் இடிக்கும் கட்டைக்குப் பெயரான 'பிசோன்' அதே வினையின் வழி. ஜெர்மானியர்கள் 'குத்திய களிமண்' என்கிறார்கள். சீனத்தில் இரண்டு பெயர் உண்டு. ஒன்று 'இடித்த மண்' என்று பொருள்படும், இன்னொன்று 'பலகை' என்ற எழுத்தையும் 'இடித்துக் கட்டு' என்ற எழுத்தையும் சேர்த்தது. ஆக உலகம் இந்தச் சுவரைப் பார்த்தபோது ஒன்று கையில் இருந்த கட்டையைப் பார்த்தது, இல்லை, பக்கத்தில் நின்ற பலகையைப் பார்த்தது. நமக்கும் இந்த இரண்டு வழிதான் இருக்கிறது.

> இடிமண் சுவர் எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். இதைத்தான் நானும் முதலில் எழுதினேன். ஆனால் 'இடி' என்ற வினைக்குக் கட்டட வேலையில் வேறு பொருள் ஊறிப்போயிருக்கிறது. பழைய வீட்டை இடிக்கிறோம். இடித்த மண்ணை லாரியில் அள்ளிப் போடுகிறோம். 'இடிசுவர்' என்றால் விழுந்துகிடக்கும் பாழ்சுவர். இடிமண் சுவர் என்று மாணவரிடம் சொன்னால், இடித்த வீட்டின் மண்ணை மறுபடி பயன்படுத்திக் கட்டிய சுவர் என்றுதான் நினைப்பார். மாவு இடிக்கிறோம், அவல் இடிக்கிறோம், அங்கே குழப்பமில்லை. சுவருக்குப் பக்கத்தில் வந்தவுடன் அந்தச் சொல் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறது.

> புறநானூற்றில் 'அரைமண் இஞ்சி' இருக்கிறது. சங்கச் சொல் இருக்கும்போது புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

இந்த மடலை எழுதிய அம்மாவுக்கு என் நன்றி. 341-ஆம் பாட்டு அது. எழு என்ற கணையமரம் போட்ட திண்ணிய கதவும், அரைமண்ணால் ஆன மதிலும், அதன் மேல் ஆடும் கொடியும். உங்கள் மடலுக்குப் பிறகு அந்தப் பாட்டை எடுத்துப் பலமுறை படித்தேன். நம் ஊர் மண்கோட்டைக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இருந்தாலும் கலைச்சொல்லாக எடுக்க எனக்கு இரண்டு தயக்கம். அரைமண் என்பதற்கு அரைத்த மண் என்று பொருள் சொல்கிறார்கள். அரைப்பது தண்ணீர் விட்டுக் குழைக்கும் வேலை. அது கொழுக்கட்டைப் பதம், புட்டுப் பதம் இல்லை. சங்க காலத்து மதிலுக்கு அரைமண் சரியான சொல், ஆனால் தாப்பியா வேறு முறை. இரண்டாவது, இன்றைய காதுக்கு அரை என்றால் பாதி, இஞ்சி என்றால் சமையல். சொல்லை அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு தடவையும் அடிக்குறிப்புப் போட வேண்டியிருக்கும். குழைமண் சுவருக்கு, அதாவது நம் ஊர்ப் படைவைத்த மண்சுவருக்கு, அரைமண் சுவர் என்று வைக்கலாம் என்றால் நான் இரண்டு கையையும் தூக்குகிறேன்.

> தாப்பியா என்றே எழுதிவிட்டுப் போகலாமே. ஜன்னலை நாம் மொழிபெயர்க்கவா செய்தோம்?

ஜன்னலைக் கொத்தனாரும் தச்சரும் வீட்டுக்காரரும் நூற்றாண்டுக்கணக்கில் வாயால் சொல்லிச் சொல்லித் தமிழாக்கினார்கள். தாப்பியா நேற்று என் மேசைக்கு வந்த சொல். அல்ஹம்பிரா, வலென்சியா என்று குறிப்பிட்ட ஒரு மரபைப் பேசும்போது தாப்பியா என்றே எழுதலாம், எழுதவும் வேண்டும். வலென்சியாக்காரர்கள் பலகைக்கு ஓரமாகச் செங்கல் வரிசை வைத்து அதனோடு சேர்த்து மண்ணை இடிப்பார்கள். வேறு சில இடங்களில் ஒவ்வொரு படைக்கும் பலகையை ஒட்டிச் சுண்ணாம்புச் சாந்தை வைத்து மண்ணோடு சேர்த்தே இடிப்பார்கள். சுவர் முடியும்போது வெளியே சுண்ணாம்பு ஓடு, உள்ளே மண் என்று இரண்டும் பிரிக்க முடியாமல் பிணைந்திருக்கும். பூச்சு உதிர்வது போல அது உதிராது. இவையெல்லாம் தாப்பியாவின் வகைகள், அந்தப் பெயரோடு இருக்கட்டும். ஆனால் முறைக்கான பொதுப்பெயர் தமிழில் இருந்தால்தான் மாணவர் 'தாப்பியா என்பது ஸ்பெயினின் இன்ன சுவர்' என்று ஒரு வரியில் புரிந்துகொள்ள முடியும்.

என் பரிந்துரை: திமிசு.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குத் தரை போட்டது நன்றாக நினைவிருக்கிறது. செம்மண்ணைக் கொட்டிப் பரப்பி, செம்பில் தண்ணீரை எடுத்துக் கையால் தெளித்து, இரண்டு பேர் எதிரெதிராக நின்று திமிசுக்கட்டையைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். அடிக்கட்டை கனத்த மரம், மேலே செங்குத்தாக ஒரு கைப்பிடி. ஒருவர் தூக்கும்போது மற்றவர் போடுவார். சத்தம் மாறுவதைக் கேட்டு அப்பா, "போதும், இறுகிடுச்சு" என்று அடுத்த மூலைக்குப் போகச் சொல்வார். அதற்குப் பெயர் திமிசு போடுவது. இன்றைக்கும் அஸ்திவாரக் குழியில் மண் நிரப்பினால் "நல்லா திமிசு போடுங்க" என்பார் மேஸ்திரி. மண்ணை இறுக்குவதற்கென்றே இருக்கும் சொல் அது. வீட்டை இடித்துத் தள்ளுவது என்ற பொருளுக்குப் போகாது, மாவுக்குப் போகாது. தாப்பியா என்பது, எளிமையாகச் சொன்னால், நாம் தரைக்குப் போடும் திமிசைச் சுவருக்குப் போடுவதுதான்.

தெலுங்கிலும் 'திம்மிச' என்று இருக்கிறதே, இது தமிழ்ச்சொல்தானா என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். கேட்கட்டும். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனாலும் நம் பேரகராதியில் இடம்பெற்று, கட்டடம் நடக்கும் இடத்தில் நாள்தோறும் புழங்கும் சொல். எனக்கு அது போதும். வினையாகவும் எளிதில் திரியும்: திமிசிடு, திமிசிட்ட, திமிசிடல்.

ஆகவே இப்படி எழுதலாம் என்று முன்வைக்கிறேன். இடித்து இறுக்கிய அந்தப் பொருளுக்குத் திமிசுமண். சுவருக்குத் திமிசுச்சுவர். தாப்பியால் என்ற பலகைப் பெட்டிக்குச் சுவரச்சு. பிளினி காலத்து லத்தீன் பெயர் அச்சை வைத்துத்தான் வந்தது என்று மேலே சொன்னேனே, அந்தப் பார்வை இதில் வந்துவிடுகிறது. செங்கல் அறுக்கும் அச்சை எல்லோருக்கும் தெரியும். அங்கே கல்லை விட்டுவிட்டு அச்சை எடுத்துக்கொண்டு போகிறோம், இங்கே சுவரை விட்டுவிட்டு அச்சை நகர்த்துகிறோம். ஒரே தடவையில் எழும் சுவர்த்துண்டை ஓர் அச்சு என்றே சொல்லலாம். "இந்தச் சுவர் மூன்று அச்சு உயரம், பத்து அச்சு நீளம்" என்றால் கொத்தனாருக்கும் புரியும், ஸ்பானியத்தில் தாப்பியா ஓர் அளவாகவும் இருந்த பழைய பொருளும் கிடைத்துவிடும். பெட்டிக்குள் போடும் ஒவ்வொரு மண் அடுக்கும் ஒரு படை. இது ஏற்கெனவே நம்மிடம் உள்ள சொல்தான், மாற்ற வேண்டாம். அடோபேக்குப் பச்சைச் செங்கல். சூளையில் சுடாத கல்லைப் பச்சைக்கல் என்பார்கள், ஆனால் தனியாக எழுதினால் மரகதம் என்று படித்துவிடும் அபாயம் இருக்கிறது.

சென்டிரிங் என்றே போடலாமே என்ற யோசனைக்கும் ஒரு வரி. கான்கிரீட் கூரைக்கு அடிக்கும் சென்டிரிங் ஊற்றியதைத் தாங்கி, இறுகும்வரை நாள்கணக்கில் நிற்பது. சுவரச்சு தாங்குவதில்லை, இடி விழும்போது மண் பக்கவாட்டில் பிதுங்காமல் பிடித்துக்கொள்கிறது, உடனே கழன்று நகர்ந்துவிடுகிறது. வேலை வேறு, பெயரும் வேறாக இருக்கட்டும்.

இந்தச் சொற்களை வைத்து அந்தப் பாடப்பகுதியைத் திருத்தி எழுதிப் பார்த்தேன்:

"1238-இல் கட்டத் தொடங்கிய அல்ஹம்பிராவின் வெளிமதில்களில் பெரும்பகுதி சுண்ணாம்பு கலந்த திமிசுச்சுவர். ஸ்பெயினில் இதைத் தாப்பியா என்பர். அந்தக் குன்றின் சரளை கலந்த செம்மண்ணையே எடுத்துத் திமிசிட்டார்கள். அல்ஹம்பிரா என்ற அரபிப் பெயருக்குச் சிவந்தது என்று பொருள். அந்த மதிலின் நிறத்தால் வந்த பெயர் என்று பலர் கருதுகிறார்கள். பச்சைச் செங்கல் சுவரில் கல்லுக்குக் கல் இணைப்பு உண்டு. திமிசுச்சுவரில் ஓர் அச்சுக்குள் இணைப்பே கிடையாது."

அந்த மாணவியின் கேள்விக்கு இந்தக் கடைசி இரண்டு வரியில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். படித்துப் பார்த்து உறுத்தும் இடத்தைச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு சொல் மட்டும் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. குறுக்கே போட்ட அகூஹா கட்டைகளை உருவி எடுத்த பிறகு சுவரில் வரிசையாகத் துளைகள் நிற்கும். ஸ்பானியத்தில் அதற்கு 'மெச்சினால்' என்று தனிப்பெயர். பழைய கோட்டைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் மதில் முழுக்கச் சம இடைவெளியில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது அதுதான். ஒரு துளை வரிசைக்கும் அதன் மேல் வரிசைக்கும் உள்ள தூரத்தை அளந்தால் அந்தக் காலத்துச் சுவரச்சு எவ்வளவு உயரம் இருந்தது என்று சொல்லிவிடலாம். இன்றைக்கு அவற்றில் பறவைகள் கூடு கட்டுகின்றன. நம் ஊரிலும் சாரம் கட்டச் சுவரில் கட்டை செருகி, பிறகு உருவிய இடத்தில் இதே மாதிரி துளை இருக்கும். 'சாரப்பொந்து' என்று எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் அது நான் மேசையில் உட்கார்ந்து ஆக்கியது. உங்கள் ஊர்க் கொத்தனார் அந்தத் துளையை என்னவென்று சொல்கிறார்? மதுரைப் பக்கம், நாஞ்சில் நாட்டுப் பக்கம், யாழ்ப்பாணத்துப் பக்கம் இருப்பவர்கள் ஒரு தடவை கேட்டு எழுதுங்கள். எங்கள் தெருவில் இப்போது ஒரு வீட்டுக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் போய் நானும் கேட்டுவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்